பூஸ்டர் ஆப் போட்டா போன் சீக்கிரம் ஆன் ஆகுமா?

இந்த எபிசோடு தூத்துக்குடியில இருந்து பதிவாகுது. இன்னைக்குக் கேள்வி ஒண்ணுதான். "உங்க போனை வேகமாக்குறோம்"னு சொல்ற பூஸ்டர், க்ளீனர் ஆப்கள் நிஜமாவே போன் ஆன் ஆகுற நேரத்தையும், ஒரு ஆப் திறக்குற நேரத்தையும் குறைக்குதா?

நான் ஆண்ட்ராய்டு ஆப் எழுதிச் சம்பளம் வாங்குற ஆள். அதனால பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: குறைக்காது. பல நேரம் கூட்டும். அது எப்படின்னு பார்க்கலாம். கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இது வெறும் வேகம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, அதையும் பேசுவோம்.

ஆன் ஆகுறப்ப உள்ள என்ன நடக்குது?

பவர் பட்டனை அழுத்துறீங்க. சிப்புக்குள்ளயே பதிஞ்சிருக்கிற ஒரு சின்ன நிரல் முதல்ல முழிக்குது. அது பூட்லோடரை எழுப்புது. சிஸ்டத்துல யாரும் கை வைக்கலைன்னு பூட்லோடர் சரிபார்த்துட்டு லினக்ஸ் கெர்னலை ஏத்துது. கெர்னல் 'இனிட்'டைத் தொடங்குது, இனிட் 'ஸைகோட்'டைத் தொடங்குது. எல்லா ஆப்புக்கும் பொதுவாத் தேவைப்படுற கோடை இந்த ஸைகோட் முன்கூட்டியே ஏத்தி வச்சுக்கும். பிறகு நீங்க திறக்கிற ஒவ்வொரு ஆப்பும் அதோட ஒரு நகலாத்தான் பிறக்குது. அடுத்து சிஸ்டம் சர்வர் வந்து, போன்ல என்னென்ன ஆப் இருக்குன்னு கணக்கெடுக்குது. கடைசியில ஹோம் ஸ்கிரீன்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் "பூட் கம்ப்ளீட்டட்"னு ஒரு அறிவிப்பு எல்லா ஆப்களுக்கும் போகும். தானா எழும்பணும்னு பதிவு பண்ணி வச்சிருக்கிற ஆப்கள் அதைக் கேட்டுட்டு வரிசையா எழும்பும். உங்க பூஸ்டர் ஆப்பும் அந்த வரிசையிலதான் நிக்குது. கப்பல் பெர்த்துல கட்டின பிறகு ஏணி வழியா ஏறி வந்த ஒரு ஆள், "நான்தான் இதை இவ்வளவு வேகமா ஓட்டிட்டு வந்தேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். பூட் ஆகுறப்ப அது ஓடவே இல்ல. ஓட ஆரம்பிச்ச பிறகு வரிசையில கூட ஒரு ஆள், அவ்வளவுதான். "உங்க போன் இத்தனை செகண்டுல ஆன் ஆச்சு, இத்தனை பேரை விட வேகம்"னு சில ஆப் காட்டுமே, அது கடிகாரம் பார்க்கிற வேலை. வண்டி ஓட்டுற வேலை இல்ல.

ரேம் காலியா இருந்தா நல்லதுதானே?

என் சித்தப்பா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறார். அவர் போன்ல ராக்கெட் படம் போட்ட ஒரு ஆப் இருந்துச்சு. அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சு இது.

"ஏலேய், ரேம் 90 பெர்சென்ட் ரொம்பிட்டுன்னு காட்டுது. அமுக்குனா ராக்கெட்டு பறந்து 60-க்கு வந்துருது. பொறவு எப்படில வேல செய்யலங்க?"

"சித்தப்பா, நாளைக்குக் கப்பல்ல ஏத்த வேண்டிய பெட்டி யார்டுல இருக்குன்னு வைங்க. அதை என்ன பண்ணுவாங்க?"

"அங்கனயே கிடக்கும்."

"யார்டு காலியா அழகா இருக்கணும்னு அதைத் திரும்ப மதுரைக்கு அனுப்பிட்டா?"

"கிறுக்கனால நீ? மறுபடி யாரு கொண்டாருவா?"

ரேம் அந்த யார்டுதான். நீங்க கொஞ்ச நேரம் முன்னாடி பயன்படுத்தின வாட்ஸ்அப், மேப்ஸ், யுபிஐ ஆப் எல்லாம் அதுல சும்மா நிறுத்தி வச்சிருக்கு. அப்படி நிக்கிறப்ப பெரும்பாலும் ப்ராசசரைத் தொடாது. ஆண்ட்ராய்டு 11-லிருந்து அந்த மாதிரி ஆப்களை அப்படியே உறைய வைக்கிற வசதியும் வந்திருக்கு. புதுசா ஒரு ஆப்புக்கு இடம் பத்தலைன்னா, எது ரொம்ப நேரமாத் தொடாம கிடக்குன்னு பார்த்து ஆண்ட்ராய்டே அதை வெளியே தள்ளிக்கும். இதுக்குன்னே உள்ள ஒரு ஆள் முழு நேர வேலையில இருக்கார். நாம தனியா ஆள் வைக்கத் தேவையில்ல.

நிறுத்தி வச்ச ஆப்பைத் திறந்தா 'ஹாட் ஸ்டார்ட்'. இருந்ததை முன்னாடி கொண்டுவந்தா போதும். முழுசாக் கொன்னுட்டுத் திறந்தா 'கோல்டு ஸ்டார்ட்'. ஸைகோட் புது நகல் எடுக்கணும், ஸ்டோரேஜ்ல இருந்து கோடைப் படிக்கணும், ஸ்கிரீனை முதல்ல இருந்து வரையணும். எங்களை மாதிரி டெவலப்பர்களுக்கு கூகுள் ஒரு வரம்பு வச்சிருக்கு: கோல்டு ஸ்டார்ட் 5 செகண்ட் ஆனா மோசம், ஹாட் ஸ்டார்ட் 1.5 செகண்ட் ஆனாலே மோசம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அதுலயே தெரியும். பூஸ்ட் பட்டன் உங்க ஹாட் ஸ்டார்ட்டை எல்லாம் கோல்டு ஸ்டார்ட்டா மாத்துது. போதாக்குறைக்கு, கொன்ன ஆப்கள்ல பாதி மெசேஜ் வாங்கவோ ஸிங்க் பண்ணவோ திரும்ப எழும்பும். கொஞ்ச நேரத்துல அதே 90 பெர்சென்ட். திரும்ப ராக்கெட். நடுவுல ஒரு விளம்பரம்.

ஐபோன்காரங்க சிரிக்க வேண்டாம். எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடுற பழக்கம் உங்ககிட்டயும் இருக்கு. பேட்டரிக்காக அப்படி மூடணுமான்னு 2016-ல ஒருத்தர் ஆப்பிளுக்கு மெயில் போட்டார். மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, தேவையில்லைன்னு பதில் எழுதினார்.

ஒரு காலத்துல வேலை செஞ்சுதே?

நியாயமான கேள்வி. பழைய ஆண்ட்ராய்டுல ரேம் ரொம்பக் குறைவு. பின்னணியில யார் வேணும்னாலும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓடலாம். ஒரு ஆப் இன்னொரு ஆப்போட பின்னணி ப்ராசஸைக் கொல்லவும் முடிஞ்சது. அதனால சில போன்ல கொஞ்ச நேரம் மூச்சு விட்ட மாதிரி இருந்திருக்கும்.

ஆனா ஆண்ட்ராய்டு ஒவ்வொரு கதவா அடைச்சுட்டே வந்துச்சு. 2015-ல வந்த ஆண்ட்ராய்டு 6, போன் சும்மா கிடக்குறப்ப ஆப்களைத் தூங்க வைக்க ஆரம்பிச்சது. 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8 பின்னணி வேலைக்கு வரம்பு போட்டது. 2023-ல வந்த ஆண்ட்ராய்டு 14-ல, 'கில் பேக்ரவுண்ட் ப்ராசஸஸ்'ங்கிற கட்டளையை ஒரு ஆப் கொடுத்தா அதோட சொந்த ப்ராசஸ் மட்டும்தான் சாகும். வெளி ஆப் ஒண்ணு போனோட மெமரியையோ பேட்டரியையோ சூட்டையோ சரிபண்ண முடியாதுன்னு கூகுளோட ஆவணத்துலயே எழுதியிருக்கு. அதாவது புது போன்ல அந்த ராக்கெட் பெரும்பாலும் வெறும் அனிமேஷன்.

இந்தத் தொழில் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுக்கணுமா? சீட்டா மொபைலோட க்ளீன் மாஸ்டர் 100 கோடிக்கு மேல இன்ஸ்டால் ஆன ஆப். 2020 பிப்ரவரியில, தொந்தரவு பண்ற விளம்பரங்களுக்காக கூகுள் கிட்டத்தட்ட 600 ஆப்களைத் தூக்கினப்ப சீட்டா மொபைலோட ஆப்களும் போச்சு. அதே வருஷம் ஜூன் 29-ல இந்திய அரசு தடை பண்ணின 59 ஆப்களை டிக்டாக்குக்காகத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கோம். அந்தப் பட்டியல்ல க்ளீன் மாஸ்டர், டியூ க்ளீனர், டியூ பேட்டரி சேவர், வைரஸ் க்ளீனர் எல்லாம் உண்டு. அரசு சொன்ன காரணம் நாட்டுப் பாதுகாப்பும் மக்களோட தரவும். வேகம் பத்தி அதுல பேச்சே இல்ல. ஆனா ஒரு துடைப்பத்துக்கு உங்க வீட்டுச் சாவி எல்லாம் எதுக்குன்னு அப்பவே யோசிச்சிருக்கலாம்.

இப்ப அவங்க கேக்கிற சாவி

கதவு அடைச்சதும் சில ஆப்கள் ஜன்னலைத் தேடிச்சு. அதுதான் 'அக்செஸிபிலிட்டி' பெர்மிஷன். பார்வைக் குறைபாடு மாதிரி சிரமம் இருக்கிறவங்களுக்கு உதவத்தான் அது இருக்கு. அதைக் கொடுத்துட்டா, அந்த ஆப் உங்க ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலா பட்டனை அழுத்தலாம். பூஸ்டர் அதை வச்சு செட்டிங்ஸுக்குள்ள போய், ஒவ்வொரு ஆப்புக்கும் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' அழுத்தும். அதே போன்லதான் உங்க பேங்க் ஆப்பும் ஓடிபியும் இருக்குங்கிறதை நான் தனியாச் சொல்ல வேண்டியதில்ல.

இங்கதான் கடல் வருது. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப் சாதாரணமா மூடின ஆப் மாதிரி இல்ல. நீங்களே திரும்பத் திறக்கிற வரைக்கும் அதுக்கு புஷ் நோட்டிஃபிகேஷன் வராது. அது வச்சிருந்த அலாரமும் ரத்தாகும். இப்ப இந்தக் கரையில இருக்கிற ஒரு போனை நினைச்சுப் பாருங்க. வானிலைத் துறையோட மௌசம், மின்னலுக்கு தாமினி, தமிழ்நாடு அரசோட டிஎன்-அலர்ட், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் ஃபிரண்ட். அலை எச்சரிக்கை, காற்று எச்சரிக்கை எல்லாம் இப்ப போனுக்கும்தான் வருது. இந்த ஆப்களை நாம தினமும் திறக்கிறதில்ல. அதனாலயே பூஸ்டர் கண்ணுக்கு இதுங்கதான் "பயன்படுத்தாத ஆப்". முதல் வெட்டு அதுக்குத்தான் விழும்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அப்படி ஒரு ராத்திரியில சார்ஜ் மிச்சம் பிடிக்கணும்னு பதறி எல்லாரும் தேடுறது பேட்டரி சேவர், பூஸ்டர் மாதிரி ஆப்தான். சார்ஜ் மிச்சம் பண்ணணும்னா போன்லயே இருக்கிற பேட்டரி சேவரைப் போடுங்க, வெளிச்சத்தைக் குறைங்க. எச்சரிக்கை ஆப்புக்கு மட்டும் பேட்டரி செட்டிங்ல 'கட்டுப்பாடு இல்லை'ன்னு வச்சிடுங்க. சில கம்பெனி போன்கள் தாங்களே பின்னணி ஆப்களைக் கடுமையாக் கொல்லும். அதுக்கும் இதே மருந்துதான்.

நம்பாதீங்க, அளந்து பாருங்க

இந்த ஊர்ல கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு முறை இருந்துச்சு. முதல்ல பாருக்கு ஆள் போய் மாதிரிக்குச் சிப்பி எடுத்து வருவாங்க. அதுல கிடைச்ச முத்தை மதிப்புப் போட்டுப் பார்த்து, கட்டுப்படியாகும்னாதான் குளிப்பு அறிவிப்பாங்க. ஒத்தச் சிப்பியில முத்து இருந்துச்சுன்னு யாரும் படகைக் கூட்டல. நாமளும் அப்படியே செய்வோம்.

உங்க போனை இன்னொரு போன் வச்சு வீடியோ எடுங்க. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னு செட் பண்ணிக்கோங்க. விரல் ஐகானைத் தொட்ட ஃப்ரேம்ல இருந்து ஆப் பயன்படுத்துற நிலைக்கு வந்த ஃப்ரேம் வரைக்கும் எண்ணி 60-ஆல வகுங்க. சாதாரணமாத் திறந்து 10 தடவை, பூஸ்ட் அழுத்திட்டு 10 தடவை. வந்த எண்களை வரிசைப்படுத்தி நடுவுல இருக்கிறதை எடுங்க. பூட் நேரத்துக்கு, பூஸ்டர் இருக்கிறப்ப 5 தடவை, அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு 5 தடவை. ரெண்டு பக்கமும் ஒரே சார்ஜ், ஒரே வைஃபை இருக்கட்டும். ஏடிபி தெரிஞ்சவங்களுக்கு இன்னும் சுலபம், ஆப் தொடங்கின நேரத்தை மில்லிசெகண்டுலயே சொல்லிடும். உங்க எண்களை எனக்கு அனுப்புங்க. என் பேச்சுக்கு எதிரா வந்தாலும் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.

அப்ப எதுதான் வேலை செய்யும்?

முதல்ல ஸ்டோரேஜ். அது விளிம்பு வரைக்கும் நிரம்பினா எழுதுறதுக்கு இடம் தேடியே போன் திணறும். இந்திய போன்கள் ஏன் இப்படி உறையுதுன்னு கூகுள் ஆட்கள் தேடினப்ப, முக்கியமான காரணமா மாட்டினது குட் மார்னிங் படங்கள்னு 2018-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதுச்சு. குடும்ப குரூப்ல வர்ற ரோஜாப்பூவும் காபி கப்பும்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் பெரிய ஃபைல்களை அழிங்க. ஆனா எல்லா ஆப்போட கேஷையும் தினமும் அழிக்காதீங்க. அதைத் திரும்ப டவுன்லோட் பண்ணப் போறதும் உங்க டேட்டாதான்.

ரெண்டாவது, தேவையில்லாத ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணுங்க. பூட் வரிசையைக் குறைக்க நேர்வழி அதுதான். பூஸ்டர்ல இருந்தே தொடங்கலாம்.

மூணாவது, ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டு போனைச் சும்மா விடுங்க. சார்ஜ்ல, யாரும் தொடாம இருக்கிறப்பதான், நீங்க அதிகம் பயன்படுத்துற ஆப்களோட கோடை ஆண்ட்ராய்டு முன்கூட்டியே கம்பைல் பண்ணி வைக்கும். ஆப் சீக்கிரம் திறக்க உண்மையில உதவுற வேலை அது. காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் போன் மந்தமா இருந்தா, இந்த வேலைக்கு நேரம் கொடுங்க.

நாலாவது, வாரத்துக்கு ஒரு ரீஸ்டார்ட். மெமரியைப் பிடிச்சுட்டு விடாத ஆப் ஏதாவது இருந்தா அதோட போயிடும்.

பழைய ஐபோன்னா பேட்டரியைப் பாருங்க. தேய்ஞ்ச பேட்டரி இருக்கிற ஐபோன்களோட வேகத்தைத் தாங்களே குறைச்சதா ஆப்பிள் 2017 டிசம்பர்ல ஒத்துக்கிட்டது. அங்க புது பேட்டரிதான் நிஜமான பூஸ்டர்.

இதெல்லாம் செஞ்சும் 2 ஜிபி ரேம் போன் 2 ஜிபி போன்தான், அதை மறைக்க வேண்டாம். சித்தப்பா போன்ல ராக்கெட்டை எடுத்தாச்சு. அந்த இடத்துல டிஎன்-அலர்ட் இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்க போனையும் இன்னைக்கு ஒரு தடவை வாங்கிப் பாருங்க. அக்செஸிபிலிட்டி பக்கத்துல யார் யாருக்குச் சாவி கொடுத்திருக்குன்னு பார்த்தா போதும், ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்த வாரம் சந்திப்போம்.