கோரோ ஊரின் செங்கூந்தற் பாடகி

இத்தாலி நாட்டின் நீண்ட ஆறாகிய போ, வெனிஸ் நகருக்குத் தெற்கே பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்தில் கோரோ என்னும் மீனவர் ஊர் ஒன்று உண்டு. 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் அவ்வூரில் பிறந்த மரியா இல்வா பியோல்காட்டி என்பவரைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம். மரியா, இல்வா என்னும் இரு பெயர்களும் ஒன்றாய்க் குறுகி, மில்வா என ஐரோப்பா முழுவதும் வழங்கலாயின.

எளிய குடும்பத்துப் பெண். நடன அரங்குகளில் பாடிப் பழகியவர். 1959-இல் புதிய குரல்களைத் தேர்ந்தெடுக்க நடந்த பெரும் போட்டியில் ஏழாயிரவருக்கு மேற்பட்டோரிடையே முதலிடம் பெற்றார். மறு ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டிலேயே அவர் எடுத்துக்கொண்டது பிறமொழிப் பாட்டு. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் பாடிப் புகழ்பெற்ற ‘மிலோர்’.

இத்தாலியில் மெல்லிசைப் பாடகர் ஒருவரின் ஏற்றத்தாழ்வை அளந்து சொல்வது சான் ரெமோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பாட்டு விழா. மில்வா 1961-இல் அங்கு மூன்றாம் இடமும், 1962-இல் இரண்டாம் இடமும் பெற்றார். அதன்பின் 2007 வரை, மொத்தம் பதினைந்து முறை அம்மேடையேறியும் முதலிடம் அவருக்கு வாய்க்கவேயில்லை. அந்நாளைய பத்திரிகைகளுக்குப் பாடகியரை விலங்கு, பறவைகளின் பெயரால் அழைப்பதில் தனி விருப்பம். மீனா என்பவரைக் கிரெமோனாப் புலி என்றும், ஈவா ஸானிக்கியை லிகோன்கியோக் கழுகு என்றும், நம் மில்வாவைக் கோரோச் சிறுத்தை என்றும் எழுதின. பாட்டைப் பற்றி இவற்றால் நாம் அறிவது ஒன்றுமில்லை.

பெருங்குரல் வாய்த்தவர்க்கு ஓர் இடர் உண்டு. கேட்போர் குரலை வியந்து சொல்லை மறந்துவிடுவர். இவ்விடரினின்று மில்வாவை மீட்டவர், மிலான் நகரின் பிக்கோலோ நாடக அரங்கை 1947-இல் பாவ்லோ கிராஸ்ஸியுடன் சேர்ந்து நிறுவிய நெறியாளர் ஜார்ஜியோ ஸ்ட்ரேலர். ஜெர்மானியக் கவிஞர் பெர்டோல்ட் பிரெக்டின் பாடல்களை அவர் மில்வாவின் கையில் கொடுத்தார். இப்பாடல்களில் பாடுபவர் உணர்ச்சி வெள்ளத்தில் கரைந்துவிடலாகாது. கதைமாந்தருக்குச் சற்று விலகி நின்று, அவர் நிலையை நமக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். இனிமை வேண்டிய இடத்தில் கரகரப்பும், முழக்கம் எதிர்பார்த்த இடத்தில் பேச்சும் வரும். விழா மேடையில் கைதட்டல் பெற்றுப் பழகிய ஒருவர் இதற்கு இணங்கியது எளிய செயலன்று.

பிரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் 1928-இல் பெர்லினில் அரங்கேற்றிய ‘மூன்று காசு இசை நாடக’த்தை ஸ்ட்ரேலர் மிலானில் 1956-இல் நடத்தியபோது பிரெக்டே வந்து கண்டார். 1973-இல் அது மீண்டும் மேடையேறியபோது, ஜென்னி என்னும் விலைமகளாக மில்வா நடித்துப் பாடினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் அதே பாத்திரத்தைப் பிரெஞ்சு மொழியில் ஏற்றார். ஜெர்மானியர்க்கு அவர்தம் மொழியிலேயே பிரெக்டைப் பாடிக் காட்டினார். பிறநாட்டவள் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. அங்கே அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளும் பல.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றுகிறது. ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் அகராதியில் கிடைக்கும். அச்சொல்லை அம்மொழியார் எங்கே நிறுத்தி, எங்கே மூச்சு விட்டுச் சொல்வர் என்பது அதில் இராது. வேற்று மாநிலத்தில் வாழ்ந்து, கடைவீதியில் ஒரு மொழியும் அலுவலகத்தில் ஒரு மொழியும் பேசிவரும் நேயர்கள் இதனை நன்கு அறிவார்கள். மில்வா சொல்லோடு அந்த மூச்சையும் கற்றார் என்பது நம் துணிபு.

1982-இல் மிலானின் ஸ்காலா அரங்கில், லூசியானோ பேரியோ இசையமைத்து இத்தாலோ கால்வினோ எழுதிய ‘உண்மைக் கதை’ என்னும் இசைநாடகம் முதன்முதல் நடந்தது. செவ்வியல் பாடகர் நடுவே, தெருவிற் கதை பாடுபவராக நின்றவர் மில்வா. இரண்டே ஆண்டுகளில் பாரிஸ் நகரின் பூஃப் தியூ நோர் அரங்கில் ஆஸ்தோர் பியசோலாவுடன் டாங்கோ பாடினார். பியசோலா அர்ஜென்டீனாவில் பிறந்தவர். ஆயினும் அவர் பாட்டன்மார் பிழைப்புத் தேடி இத்தாலியினின்று கடல் கடந்து சென்றவர்கள். புலம்பெயர்ந்தோர் பேரனின் இசையை முன்னோர் நாட்டுப் பெண் ஸ்பானிய மொழியில் பாடினார்! 1988-இல் இவ்விருவரின் நிகழ்ச்சி டோக்கியோவிலும் நடந்தது. இவையன்றி, என்னியோ மோரிக்கோனே, கிரேக்கரான தியோதராக்கிஸ், தம் நாட்டவரான பாத்தியாதோ ஆகியோரும் அவருக்கென இசையமைத்தனர்.

2009-இல் பிரெஞ்சு அரசு ‘லெஜியோன் தோனர்’ விருது அளித்தது. மறு ஆண்டு மேடையினின்று விலகினார். சான் ரெமோ விழாவினர் 2018-இல் அவர்தம் வாழ்நாட் பணிக்காக விருது வழங்கினர். உடல்நலம் குன்றியிருந்தமையால் மகள் சென்று பெற்றுக்கொண்டார். 2021 ஏப்ரல் 23 அன்று மிலானில் மில்வா காலமானார். நகர மக்கள் இறுதி வணக்கம் செலுத்துதற்பொருட்டு அவர் உடல் வைக்கப்பட்ட இடம், இன்று ஸ்ட்ரேலரின் பெயர் தாங்கும் பிக்கோலோ நாடக அரங்கு.