சொல் ஏறிய கல்



சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டித் தாளின் ஆயுள் ஒரு நாள். அதே விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எழுத்து இன்றும் நிற்கிறது. அதற்குக் கல்லே ஏடாயிற்று. அந்த ஏட்டை ஆக்கிய பொளிகல் கட்டுமானமே இவ்வுரையின் பொருள்.

திருவில்லிபுத்தூர் அருகே மூவரைவென்றானில் பாறையைக் குடைந்து கோயில் கண்டனர். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் பாறையை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர். இரண்டிலும் மூட்டு என்பதே இல்லை. கல்லைப் பெயர்த்து, சதுரித்து, அடுக்கிக் கட்டத் தொடங்கியபோதுதான் மூட்டு பிறந்தது. அதனோடு ஒழுங்கு என்ற பொறுப்பும் பிறந்தது.

கல்தச்சர் பாறையில் நேர்கோட்டில் சிறு குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்பு இறக்கி, பாறையைப் பிளப்பர். மூலைமட்டம் வைத்து முகத்தையும் விளிம்புகளையும் உளியால் நேர்செய்வர். சுவரின் உட்புறம் மறைந்துவிடும் பின்பக்கம் கரடாகவே விடப்படுவதுண்டு. ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எடை உடையது. பழைய கோயிற் சுவர்களில் கல்லை நிறுத்துவது பெரும்பாலும் இந்த எடையும் பொருத்தின் செம்மையுமே, சாந்து அன்று. கீழ் வரிசையின் மூட்டுக்கு நேர் மேலே மேல் வரிசையின் மூட்டு வரலாகாது. வந்தால் விரிசல் ஒரே கோடாக ஏறிவிடும்.

இத்தகைய சுவரில் எழுதியவர்கள் ஒரு கல்லோடு நின்றாரல்லர். கல்வெட்டின் ஓர் அடி மூட்டைத் தாண்டி அடுத்த கல்லுக்கு ஓடுகிறது. கொடையாளியின் பெயர் ஒரு கல்லில், அவர் தந்த நிலம் அடுத்த கல்லில். எனவே, கல்லின் இடம் மாறினால் சொற்றொடர் உடைகிறது. சுவர் வலுவாக நின்றாலும் அதன் பேச்சு நின்றுவிடுகிறது.

இதற்குச் சான்று இம்மாவட்டத்திலேயே உண்டு. திருச்சுழியை அடுத்த பள்ளிமடம் சிவன் கோயிலில் உள்ள பழைய கல்வெட்டுகளுள் சில, குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளிக்கு அளித்த கொடைகளைக் கூறுகின்றன. அக்கற்கள் குறண்டியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது அறிஞர் கருத்து. சதுரித்த கல் எந்தச் சுவரிலும் பொருந்தும். அதனால்தான் அது பயணம் செய்தது. பள்ளி அழிந்தது, அதன் பெயர் அழியவில்லை. மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகளில் குறண்டித் துறவியரின் பெயர்கள் வருவதால், அப்பள்ளியின் பெருமை இன்று விளங்குகிறது.

கல் பெயர்வது குற்றமன்று. சொல் தொலைவதே குற்றம். இதை உணர்ந்தவர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியார். பத்தாம் நூற்றாண்டில் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த 26 கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அவை பழங்கற்களின் படி என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டது. இன்றைய பதிப்பாசிரியரின் நேர்மை அது!

இன்றோ திருப்பணி என்ற நற்பெயரால் பல ஊர்களில் நேர்ந்திருப்பது வேறு. மணல் வீச்சால் எழுத்தின் விளிம்பு தேய்ந்தது. மூட்டுகளில் அப்பிய சிமெண்ட் எழுத்துகளை மூடிற்று. எண் இடாமல் பிரித்த கற்கள் இடம் மாறின. சில தலைகீழாகவும் அமர்ந்தன. பிரிக்குமுன் ஒவ்வொரு கல்லுக்கும் வரிசை எண்ணும் இட எண்ணும் எழுதி, நிழற்படமும் மைப்படியும் எடுத்தல் பெருஞ்செலவன்று. தேவை, அருகில் நின்று கேட்கும் ஓர் ஊரார் மட்டுமே.

அந்த ஊராராகக் கவிஞர்கள் ஏன் இருத்தல் ஆகாது? ஒரு சீர் இடம் பெயர்ந்தால் தளை தட்டும் என்று அறிந்தவர்கள் அவர்கள். தம் பாட்டில் ஒரு சொல்லை மாற்ற ஒப்பாதவர்கள், தம் ஊர்ச் சுவரில் ஒரு கல் மாறுவதைக் கண்டும் வாளா இருத்தல் தகுமா? பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இந்த இலக்கிய வட்டம், தன் முதற் கூட்டத்தைப் பள்ளிமடத்துச் சுவரின் முன் கூட்டட்டும். அங்கே கவிதை படிப்பதற்கு முன் கல்லைப் படிக்கட்டும்.

வாழ்க தமிழ்!