சேவையும் பிரஜாவுரிமையும்

(திருகோணமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் துறைமுகத்திலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. அப்போது பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. 1959 செப்டெம்பரில் அவர் சுடப்பட்டு இறந்தார். மூன்று பிள்ளைகளோடு நின்ற அவருடைய மனைவி சிறிமாவோ, 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானார்.

அரசியலுக்கு வருமுன்பே அவர் பொதுச்சேவையில் இருந்தவர். 1941இல் லங்கா மகிளா சமித்தியில் சேர்ந்து கிராமப் பெண்களின் முன்னேற்றத்துக்காக உழைத்தார். பின்பு அதன் தலைவியுமானார். அந்தச் சேவையை நாம் மதிக்கிறோம்.

ஆனால் தோட்டத்துப் பெண்களின் கதை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் அவரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்று விட்டார்கள். அக்கா அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் தலைமன்னாரில் பிரிந்தன.

2000 ஒக்டோபர் 10, பொதுத் தேர்தல் நாள். வாக்களித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் அம்மையார் காலமானார். கடைசி நாளிலும் அவர் கையில் வாக்கு இருந்தது. நம்மவரில் எஞ்சிய நாடற்றவர்களோ 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள்.

சேவை, செய்பவரின் மனதைப் பொறுத்தது. உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும். நம் கையில் பத்திரமாகவும் இருக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களே! பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் பதிவு மூன்றையும் பாருங்கள். குறை இருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். கிராம சேவகரிடம் சேர்ந்தே போவோம்.