கரகரப்பின் இனிமை

வானொலியில் பேசவேண்டும் என்று அழைப்பு வந்தபோது எனக்குச் சிறிது நகைப்பு உண்டாயிற்று. நாற்பது ஆண்டுக்காலம் திருவண்ணாமலைப் பக்கத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். "ஐயா, பெட்டி கரகரக்கிறது" என்பதே மக்கள் என்னிடம் கொணர்ந்த முதற் குறை. அக்கரகரப்பை ஒழிப்பதே என் தொழில். அத்தகைய நான், கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் கருவி ஒன்றைப் பற்றி இன்று வானொலியிலேயே பேச வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலம் வருவோர் நன்கறிந்த ஊர். பௌர்ணமி இரவுகளில் எங்கள் வாயிலைக் கடந்து செல்லும் கால்களுக்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட ஓர் இரவில் என் தங்கை மகன் மின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "மாமா, எனக்கு ஒரு ஃபஸ் பெடல் செய்து தரவேண்டும்" என்றான். ஃபஸ் பெடலாவது, கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்துக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. தெளிந்த நாதத்தை அது கரகரத்த நாதமாக மாற்றிவிடும்.

"நல்ல ஒலியைக் கெடுப்பதற்கு ஒரு கருவியா?" என்று கேட்டேன். அவன் மறுமொழி கூறாமல், வீட்டில் சாய்த்து வைத்திருந்த தம்புராவைச் சுட்டிக்காட்டினான். நான் வாயடைத்துப் போனேன். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் நூலிழை ஒன்றைச் செருகுகிறோம். ஜீவாளி என்று அதற்குப் பெயர். அந்நூல் சரியான இடத்தில் நிற்கும்போது தந்தி ரீங்கரிக்கிறது. நூலை எடுத்துவிட்டாலோ நாதம் மொட்டையாகிவிடுகிறது. கரகரப்புக்கு ஜீவன் என்று பெயரிட்ட நாம், மேனாட்டார் அதைப் பெட்டியில் அடைத்தால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்பெட்டி பிறந்த கதையும் ஒரு பழுதின் கதையே. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்பவரின் 'டோன்ட் வொரி' என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, பதிவுக் கருவியின் ஒரு பகுதி கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த கிதார் உறுமலாக ஒலித்தது. அதை நீக்காமலே 1961-ல் இசைத்தட்டாக வெளியிட்டனர். மக்களும் விரும்பிக் கேட்டனர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அப்பழுதின் காரணத்தை ஆராய்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அவ்வொலியை மீண்டும் உண்டாக்கினார். அவரது அமைப்பை கிப்சன் நிறுவனம் 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதனைப் பயன்படுத்திய பின்னரே அதற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. அடுத்த ஆண்டு லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற வட்டப் பெட்டி வெளிவந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் புகழோடு அதன் புகழும் வளர்ந்தது. என் மருமகன் விரும்பியது அவ்வகையே.

அதன் உள்ளமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. இரண்டு டிரான்சிஸ்டர்கள், சில மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு திருகுகள், 9 வோல்ட் மின்கலம் ஒன்று. கிதாரிலிருந்து வரும் மெல்லிய அலையை டிரான்சிஸ்டர் மிகப் பெரிதாக்க முயல்கிறது. மின்கலம் தரும் அழுத்தமோ ஓர் எல்லைக்குட்பட்டது. ஆகவே அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில், மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள் பல தோன்றுகின்றன. நம் செவிக்குக் கரகரப்பாகக் கேட்பது அவையே.

அமைப்பு எளிது, டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். பழைய பெட்டிகளில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அவற்றில் ஒன்று போல் மற்றொன்று இராது. முதலாவதற்கு 70 முதல் 80 மடங்கும், இரண்டாவதற்கு 110 முதல் 130 மடங்கும் பெருக்கம் இருந்தால் ஒலி இனிமையாக அமைகிறது.

"ஏ.சி. 128 கிடைத்தால் நல்லது, மாமா" என்றான் பையன். அவன் கண்கள் மாடத்தின்மேல் நின்றன. அங்கே என் தந்தையாரின் டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. அவர் மறைந்தபின் அது பேசவில்லை. ஊரார் பெட்டிகளையெல்லாம் பேசவைத்த நான், அதனைத் திறந்து பார்க்க நாளை நாளை என்று இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். அதன் உள்ளே, ஒலியைப் பெருக்கும் இறுதிக் கட்டத்தில், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார் செய்த ஏ.சி. 128 இணை ஒன்று உண்டென்பது எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபமே வந்தது. ஆனால் என் தாயார், "முதலில் அதைத் திறந்து பார்" என்றார். திறந்தேன். எலி கடித்துச் சுருள்கள் அறுந்திருந்தன. மின்கலங்கள் ஒழுகித் தகட்டை அரித்திருந்தன. உரிய காலத்தில் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். இனிப் பிழைக்காது. அவ்வுண்மையைத் தாயாரிடம் சொல்வது எளிதாக இல்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "ஊமையாய்க் கிடப்பதைவிட அது எங்கேயாவது பேசட்டுமடா" என்றார்.

டிரான்சிஸ்டர்களை எடுத்து அளந்தோம். அளக்கும் முறையை இளைஞர்கள் கேட்டுக்கொள்ளலாம். ஜெர்மானியத்தில், ஆணை இல்லாமலே கசியும் மின்னோட்டம் ஒன்று உண்டு. பேஸ் முனையை இணைக்காமலே அக்கசிவை முதலில் அளக்கவேண்டும். பிறகு 9 வோல்ட் மின்கலத்திலிருந்து 2.2 மெகா ஓம் தடை வழியாக பேஸ் முனைக்கு ஏறத்தாழ 4 மைக்ரோ ஆம்பியர் செலுத்தி மீண்டும் அளக்கவேண்டும். எங்கள் முதல் டிரான்சிஸ்டர் காட்டிய மொத்தம் 400 மைக்ரோ ஆம்பியர். அதில் கசிவு 95. மிஞ்சிய 305-ஐ 4-ஆல் வகுத்தால் பெருக்கம் 76. கசிவைக் கழிக்காதவன் அதை 100 என்று எண்ணி ஏமாறுவான். விரலால் பிடித்துக்கொண்டே அளப்பவனும் ஏமாறுவான். உடற்சூடே கசிவைக் கூட்டிவிடும். இணையின் மற்றொன்று 400-க்கு மேல் கசிந்தது. அதை ஒதுக்கிவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் பத்து வாங்கிச் சோதித்ததில் 118 உள்ள ஒன்று அகப்பட்டது.

பற்றவைத்து முடித்த இரவில் பெட்டி தேனாக ஒலித்தது. கிதாரின் ஒலித்திருகைச் சிறிது குறைத்தால் கரகரப்பு அடங்கித் தெளிவு வந்தது. மறுநாள் பகல் மூன்று மணிக்கு அதே பெட்டி திக்கிற்று, தும்மிற்று, மூச்சடைத்தது. மாதம் சித்திரை, ஊரோ, அக்கினித் தலம் என்று பெயர் பெற்ற திருவண்ணாமலை. வெப்பம் 10 பாகை ஏறினால் ஜெர்மானியத்தின் கசிவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. லண்டன் குளிருக்குப் பொருந்தியது நம் வெயிலுக்குப் பொருந்தவில்லை. 8.2 கிலோ ஓம் தடைக்குப் பதிலாகத் திருகக்கூடிய தடை ஒன்றை வைத்தேன். இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் நிற்குமாறு அதனைத் திருகிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

பகற் கச்சேரிகளுக்கென்று பி.ஸி. 108 சிலிக்கன் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேறொரு பெட்டியும் செய்தோம். அது வெயிலுக்கு அஞ்சாது, விலையும் குறைவு, ஒலி மட்டும் சற்றுக் கூர்மை. ஆனால் அதை முதன்முதல் இயக்கியபோது, கிதாரைத் தொடுமுன்பே பெட்டிக்குள்ளிருந்து செய்தி வாசிக்கும் குரல் ஒன்று எழுந்தது! பெருக்கம் மிகுந்தமையால் அது வானொலி அலையையும் பிடித்துக்கொண்டது. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே 100 பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தவுடன் அக்குரல் அடங்கிவிட்டது. அடக்குவதற்கு எனக்குச் சற்று மனமில்லாமல்தான் இருந்தது.

தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் சிலிக்கனில் செய்து கை பழகுங்கள். பெயருக்கும் பழமைக்கும் மிகை விலை கொடாதீர்கள். அளந்து பார்க்கவிடாத வியாபாரியிடம் ஜெர்மானியம் வாங்காதீர்கள்.

சென்ற பௌர்ணமி இரவில் பையன் திண்ணையில் அமர்ந்து என் தந்தையாரின் டிரான்சிஸ்டர் உள்ள பெட்டியை மிதித்து வாசித்தான். இரவு குளிர்ந்திருந்தது, பெட்டி திக்கவில்லை. என் தாயார் முழுவதும் கேட்டுவிட்டு, "நிலையம் சரியாகச் சேராதபோது இப்படித்தான் கேட்கும். உன் அப்பா உடனே எழுந்து திருகைத் திருப்புவார்" என்றார். பையன் வாசிப்பை நிறுத்திவிட்டான்.

"நிறுத்தாதே, வாசி" என்றார் அவர்.