தப்பெண்ணம் பிறவிக் குணமல்ல

(வட்டக்கானலில் நடந்த இரண்டு நாள் அரசியல் வகுப்பில், மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் முன் பேசியதிலிருந்து)

திண்டுக்கல் நூல் மில்களிலிருந்தும், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வயல்களிலிருந்தும் மலையேறி வந்திருக்கிறீர்கள். இந்தக் குளிர் உங்களுக்குப் புதிது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேளுங்கள். பேசப்போகும் விஷயம் கொஞ்சம் சூடானதுதான்.

இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், கீழே வெயிலும் வியாதியும் தாங்காமல் இங்கே வந்தார்கள். அப்போது மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து கூலியாட்கள் நாற்காலியிலும் டோலியிலும் அவர்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். அந்தப் பாதைக்கே கூலிகள் பாதை என்றுதான் பெயர். சுமக்கும்போது கறுப்புத் தோள் வெள்ளைக்காரனுக்குத் தீட்டாகவில்லை. ஆனால் அந்தக் காலத்து வெள்ளையர் கிளப்புகளில் அதே தோளுக்கு நாற்காலி கிடையாது.

இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். ஆனால் தேயிலைத் தண்ணீர் ஒரே பானையில் கொதித்தாலும், ஒருவனுக்குக் கண்ணாடித் தம்ளர், இன்னொருவனுக்குத் தேங்காய்ச் சிரட்டை என்று வைத்தது எந்த வெள்ளைக்காரன்? அதை வைத்தவன் நம் ஊர்க்காரன். நிறத் துவேஷமும் ஜாதித் துவேஷமும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

இது ரத்தத்தில் ஊறியது, மாற்ற முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதானா? மனித மனத்தைப் பரிசோதித்துப் பார்த்த விஞ்ஞானிகள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம்.

லாபியர் என்ற அமெரிக்க ஆசிரியர் 1930 முதல் 1932 வரை ஒரு சீனத் தம்பதியுடன் அந்த நாடெங்கும் காரில் சுற்றினார். சீனர்மேல் அங்கே கடும் துவேஷம் இருந்த காலம் அது. 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, "சீனரைச் சேர்த்துக் கொள்வீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள். வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று செய்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

நம் நாட்டில் இது தலைகீழாக நடக்கிறது. "இந்தக் காலத்தில் யார் ஐயா ஜாதி பார்க்கிறார்கள்?" என்கிறது வாய். கை தனித் தம்ளரை எடுக்கிறது. இதே வட்டக்கானலில் இஸ்ரேல்காரரும் ஐரோப்பியரும் வந்து தங்குகிறார்கள். "நீ எந்தத் தெரு?" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. சமவெளியில் வாடகை வீடு தேடிப் போகும் நம் தொழிலாளியிடம் முதல் கேள்வியே அதுதான்.

வேலை விஷயத்திலும் இதைச் சோதித்தார்கள். தோரட், அட்டெவெல் என்ற இரண்டு அறிஞர்களின் ஆய்வு 2007இல் வெளியானது. பத்திரிகையில் விளம்பரம் செய்த தனியார் கம்பெனிகளுக்கு ஒரே மாதிரிப் படிப்பும் தகுதியும் காட்டி மனுக்கள் அனுப்பினார்கள். பெயர் மட்டுமே வேறு. உயர்ஜாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளையே பார்க்கவில்லை, தோழர்களே! பெயரைப் பார்த்தே கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே சாத்திய கதவு மனசுக்குள்ளும் சாத்திக்கொள்கிறது. உத்தரப்பிரதேசக் கிராமங்களில் பள்ளிச் சிறுவர்களிடம், தாளில் வரைந்த சுற்றுவழிப் புதிரைக் கொடுத்தார்கள். போட்டு முடிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் காசு. ஜாதியைச் சொல்லாதபோது தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். எல்லோர் முன்பும் பெயரோடு ஜாதியையும் வாசித்தபோது தாழ்த்தப்பட்ட பையன்களின் கணக்கு மளமளவென்று இறங்கியது. ஹாஃப், பாண்டே என்பவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு இது. பையனின் மூளை நேற்றும் இன்றும் ஒன்றுதான். இடையில் வாசிக்கப்பட்டது அந்த ஒரு சொல் மட்டுமே. "அவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சரி, இந்தத் துவேஷம் எங்கிருந்து பிறக்கிறது? எப்படிச் சாகிறது? முஸாபர் ஷெரீப் என்ற துருக்கி நாட்டு அறிஞர் 1954இல் அமெரிக்காவில், ஓக்லஹாமா மாகாணத்து மலைக்காட்டில், நம்மைப் போலவே ஒரு முகாம் நடத்தினார். 22 சிறுவர்கள். எல்லோரும் ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரிக் குடும்பம். அவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். ஜெயித்த அணிக்கு மட்டும் பரிசு. சில நாளில் ஒருவர் கொடியை ஒருவர் கொளுத்தினார்கள். குடிசைக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிறகு ஒரே பந்தியில் உட்கார வைத்தார். சோற்றை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள்!

அடுத்து ஷெரீப் வேறு வழி செய்தார். முகாமுக்குத் தண்ணீர் வராதபடி செய்தார். இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும். சாப்பாடு கொண்டுவரும் லாரி நின்றுபோனது. எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். முதலில் எந்தக் கயிற்றை வைத்து இழுபறிப் போட்டி நடத்தினார்களோ, அதே கயிற்றைக் கட்டி இரண்டு அணியும் ஒரே பக்கம் இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகு, பகைத்தவர்கள் சிநேகிதர்களாகித் திரும்பினார்கள்.

தோழர்களே, அந்தக் கயிற்றை மறக்காதீர்கள். பரிசை நடுவில் வைத்து நம்மை இரண்டு பக்கம் இழுக்க வைப்பவன் யார்? மில் வாசலில் முதலாளி, வயல் வரப்பில் மிராசுதார். வருஷத்துக்கு ஒருநாள் சமபந்தி போஜனம் போட்டால் மட்டும் ஜாதி போய்விடாது என்பதையும் அந்தப் பந்தி காட்டிவிட்டது.

"நாங்கள் ஒரே மில்லில் ஒன்றாகத்தானே வேலை செய்கிறோம்? ஏன் ஜாதி போகவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு நம் சொந்த வரலாற்றைத்தான் திறந்து பார்க்கவேண்டும்.

1921இல் சென்னை பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் அதில் நிற்கவில்லை. நிர்வாகமும் சர்க்காரும் அந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக் கொண்டன. புளியந்தோப்பில் தொழிலாளியும் தொழிலாளியும் மோதினார்கள். குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. வேலைக்குப் போனவனைக் கருங்காலி என்று ஏசுவது சுலபம். ஆனால் தெருக் கிணற்றில் அவனைத் தண்ணீர் எடுக்க விடாதவன், "என்னோடு சேர்ந்து பட்டினி கிட" என்று எந்த முகத்தோடு கேட்பது?

பம்பாய் மில்களில் கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதி தீண்டப்படாதவர்களுக்கு மூடிக் கிடந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கவேண்டும். அவர்கள் எச்சில் பட்டால் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இதைக் கேள்வியாக எழுப்பினார். செங்கொடிச் சங்கத் தலைவர்கள் தயக்கத்தோடுதான் அதைக் கோரிக்கையில் சேர்த்தார்கள். அந்தத் தயக்கம் நம் இயக்கத்தின் தவறு. மறைக்காமல் சொல்கிறோம். சேர்ந்து வேலை செய்தால் மட்டும் போதாது, சரிசமமாக நிற்கவேண்டும்.

சரிசமமாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கீழத்தஞ்சை சாட்சி. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சேரிக்குள்ளேயே தங்கி, அங்கேயே உண்டு, சங்கம் கட்டினார்கள். பண்ணையாளை அடித்த சாட்டையும், வாயில் ஊற்றிய சாணிப்பாலும் ஒழிந்தது அந்தச் சங்கத்தின் பலத்தால். அந்தப் பலத்தைக் கண்டு அஞ்சியவர்கள்தான் 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்களைக் கொளுத்தினார்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் ஜாதியின் பேரால் எழுப்பிய சுவர் சுமார் இருபது வருஷம் நின்றது. செங்கொடி இயக்கம் போராடியதால் 2008 மே 6இல் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறந்தது. சுவரைக் கட்டியது மனிதக் கை. இடித்ததும் மனிதக் கைதான்.

ஆகவே ஊருக்குத் திரும்பியதும் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். நம் சங்கத்தில் தலைவர், செயலாளர் பதவி எந்தத் தெருவுக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். தனித் தம்ளர் வைக்கும் கடையில் நம் தோழர் எவரும் டீ குடிக்கக் கூடாது. கூலிக்காக மனுக் கொடுக்கும்போது, தெரு வழியும் சுடுகாட்டு வழியும் அதே மனுவில் ஏறட்டும். நம் பிள்ளைகள் ஜாதி மறந்து மணம் முடிக்க வந்தால், முதல் மாலை நம் கையிலிருந்து போகட்டும்.

கயிறு ஒன்றுதான், தோழர்களே. இனி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுப்போம்!