பத்தியமா? பயிற்சியா?



"மார்பகப் புற்றுநோயை வென்று வீடு திரும்பிய பெண்ணின் நலவாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது பத்தியமா? பயிற்சியா?" இதுதான் தலைப்பு. "பயிற்சியே" என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பேசினார். கேழ்வரகு என்றார், முருங்கைக்கீரை என்றார், மஞ்சள் என்றார், மாதுளை என்றார். அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பசி வந்துடுச்சு ஐயா! (சிரிப்பு) வந்தது பட்டிமன்றத்துக்கா, பந்திக்கான்னு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துடுச்சு. (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா தலைப்பு சிரிக்கிற தலைப்பு இல்லை. இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நம் நாட்டில் ஓர் ஆண்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,92,000 பேர். இந்த அரங்கத்திலே ஒவ்வொரு வரிசையிலும் யாராவது ஒருத்தருக்கு ஒரு அக்காவோ, ஒரு சித்தியோ, ஒரு பக்கத்து வீட்டு அம்மாவோ இருப்பாங்க.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த மருத்துவமனைக்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் டாக்டர் சாந்தா அம்மையார். அந்தக் காலத்திலே "பிழைப்பாளா?" என்பதுதான் கேள்வி. இன்றைக்குச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகிறவர்கள் ஏராளம். அதனாலே அடுத்த கேள்வி வந்திருக்கிறது: "பிழைச்சுட்டா, சரி. எப்படி வாழப் போறா?"

அவள் வீடு திரும்புகிறாள். என்ன நடக்கிறது? அன்பு பொங்குகிறது! பார்க்க வருகிறவர்களெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார்கள். ஒரு அத்தை ஆட்டுக்கால் சூப்பு. ஒரு பெரியம்மா நெய் உருண்டை. "உடம்பு தேறணும்மா, சாப்பிடு." சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனால், "நீ உக்காரு, நான் எடுக்கிறேன்." முப்பது வருஷமா அந்த வீட்டிலே ஒருத்தரும் எடுக்காத தட்டு ஐயா அது! (சிரிப்பு, கைதட்டல்)

என் அண்ணிக்கு இது நடந்தது. மார்பையும் அக்குளிலே இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. ஆறு மாதத்திலே எட்டு கிலோ எடை கூடியிருந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு எடை ஏறுவது சகஜம் என்று மருத்துவரே சொன்னார். அது போகட்டும். அந்தப் பக்கத்துக் கை தோளுக்கு மேலே போகவில்லை. முந்தானையை எடுத்துத் தோள்மேல் போட மகளைக் கூப்பிட வேண்டும். மேல் அலமாரியிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுக்க மருமகளைக் கூப்பிட வேண்டும். ஒருநாள் சொன்னாங்க: "நோய் போயிடுச்சும்மா. ஆனா என் வீட்டுல நான் விருந்தாளி ஆயிட்டேன்." எந்தக் கீரையைக் கொடுத்து ஐயா இதைச் சரிபண்றது?

மருத்துவமனையிலே ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு. சின்ன வயசு. அவள் சொன்னாள்: "அம்மா, சுவரைப் பார்த்து நில்லுங்க. எறும்பு ஊர்ற மாதிரி விரலை மேலே மேலே ஏத்துங்க. இழுத்துப் பிடிக்கிற இடத்துல நிறுத்துங்க. அங்க பென்சில்ல ஒரு கோடு போடுங்க. நாளைக்கு அந்தக் கோட்டைத் தொடணும்." எங்க அண்ணன் வீட்டுக் கூடத்திலே பேரன் உயரத்துக்குக் கோடு போட்ட சுவர் ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்திலேயே பாட்டிக்கும் கோடு! இரண்டு பேரும் போட்டி போட்டு வளர்ந்தாங்க. (கைதட்டல்) மூன்று மாதம் கழித்து, காப்பித்தூள் டப்பாவை அவங்களே எடுத்து, அவங்களே காப்பி போட்டு எனக்குக் கொடுத்தாங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். நான் வாயே திறக்கலை. (சிரிப்பு)

"கையை அசைச்சா வீங்கிடுமே, கனம் தூக்கக் கூடாதே" என்று எதிரணி அம்மா கேட்டார்கள். நியாயமான பயம். அக்குள் முடிச்சை எடுத்தபின் நிணநீர் தேங்கிக் கை வீங்குவது உண்டு. அதனாலே கனமே தூக்கக் கூடாது என்றுதான் பல காலம் சொல்லி வந்தார்கள். 1996இல் கனடா நாட்டு வான்கூவரிலே டான் மெக்கன்சி என்கிற விளையாட்டு மருத்துவர் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்தார். முறையாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகு என்கிற நீளப் படகிலே துடுப்புப் போட வைத்தார். கைக்கும் தோளுக்கும் அதைவிடக் கடுமையான வேலை உண்டா? வீக்கம் வந்து யாரும் படுக்கவில்லை. இன்றைக்குப் பல நாடுகளிலே இப்படி மீண்ட பெண்களின் படகுக் குழுக்கள் இருக்கின்றன. (கைதட்டல்)

அது ஒரு சின்னக் குழுதானே என்பீர்கள். 2009இல் அமெரிக்காவிலே ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆண்டு பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. கையிலே அழுத்த உறை போட்டு, பயிற்றுநரை வைத்து, லேசான எடையிலே தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். எடை தூக்கினவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அதுமட்டுமல்ல, வீக்கம் திடீரென்று மோசமாகிற தொல்லை அவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது! கவனியுங்கள்: படிப்படியாக. நாளைக்குக் காலையிலே எழுந்து தண்ணிக் குடத்தைத் தூக்கச் சொல்லவில்லை நான்.

இன்னொன்று. 2005இல் வெளிவந்த ஆய்வு. இந்த நோய் வந்த அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 3,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடந்தவர்களிடம் இந்த நோயால் வரும் மரணம் குறைவாக இருந்தது. நடந்ததனாலேதான் பிழைத்தார்கள் என்று இதை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. உடம்பு நன்றாக இருந்ததனாலே நடந்தும் இருக்கலாம். என் கட்சிக்காக உண்மையை வளைக்க மாட்டேன் ஐயா.

இப்போது பத்தியக் கட்சி. 2007இல் அமெரிக்காவிலே 3,088 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்குக் காய், கனி, நார்ச்சத்து மிக அதிகம், கொழுப்பு மிகக் குறைவு. மற்ற பிரிவுக்கு, எல்லோருக்கும் சொல்கிற வழக்கமான நல்ல உணவு. முடிவு? நோய் திரும்புவதிலே வித்தியாசம் இல்லை. அதற்காகக் காய்கறியைத் தள்ளு என்று நான் சொல்வேனா? தட்டிலே பாதி காய்கறி இருக்கட்டும். பருப்பு, முட்டை, மீன் இருக்கட்டும்; தசை வளர அதுதான் செங்கல். எலும்பு தேய வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர் சொன்னபடி கால்சியம் வேண்டும். மது வேண்டவே வேண்டாம். ஆனால் நல்ல சாப்பாடு வேறு. மந்திரச் சாப்பாடு வேறு.

மந்திரத்தை நம்பினால் என்ன ஆகும்? "இந்தச் சாறு குடி, மாத்திரை எதுக்கு?" என்று ஒருத்தர் சொல்வார். ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு சாப்பிட வேண்டிய மாத்திரையை அந்தப் பெண் நடுவிலே நிறுத்திவிடுவாள். தாய்மார்களே, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். இதிலே இரண்டு கட்சியும் ஒரே கட்சி. (பலத்த கைதட்டல்)

வள்ளுவரை எதிரணி அழைத்து வந்தது. மருந்து அதிகாரம், தொண்ணூற்றைந்தாவது. முன்பு உண்டது செரித்த பிறகு, அளவறிந்து உண் என்கிறார். சரி. செரிக்க வைக்கிறது யாரு? எங்க கட்சி! (சிரிப்பு, கைதட்டல்) அதே அதிகாரத்தின் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். அதிலே முதலில் வருபவர் மருத்துவர் இல்லை, நோயுற்றவர். நோயாளிக்கும் அதிலே ஒரு பங்கு உண்டு ஐயா. சோற்றைப் பிறர் ஊட்டலாம். அவளுக்காக வேறொருவர் நடக்க முடியுமா?

"வீட்டு வேலையே பயிற்சிதானே?" என்று ஆண்கள் சிலர் சிரிக்கிறார்கள். அப்படியானால் நீங்களும் செய்யலாமே! (பலத்த சிரிப்பு) பெருக்குவதும் துவைப்பதும் உடம்பை அசைக்கிற வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுக்காக அசைகிற அசைவு. மூச்சு சற்று வாங்க, வேறு நினைப்பில்லாமல் தனக்காக அரை மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 150 நிமிடம். அதோடு இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. அளவு எப்படித் தெரியும்? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பத்து நிமிடத்திலே தொடங்கலாம். தெருவிலே நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சமா? மொட்டை மாடி இருக்கிறது, கோயில் பிராகாரம் இருக்கிறது. கை புதிதாக வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, எலும்பிலே வலி வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் அவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். அந்த அரை மணி நேரத்தை அவளுக்கு யார் கொடுப்பது? கணவர் கொடுக்கணும், மாமியார் கொடுக்கணும், பிள்ளைகள் கொடுக்கணும். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்குவது சுலபம் ஐயா, கடையிலே கிடைக்கும். "அடுப்பை நான் பார்த்துக்கறேன், நீ நடந்துட்டு வா" என்கிற சொல் கடையிலே கிடைக்காது. அது நம் வீட்டிலேதான் பிறக்கணும். பத்தியம் அவளை நோயாளியாகவே வைத்துப் பார்த்துக்கொள்ளும். பயிற்சிதான் அவளை மறுபடி வீட்டுக்காரியாக்கும். ஆகவே நலவாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது பயிற்சியே, பயிற்சியே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)