எண்ணெய் வர்ணச் சித்திரமும் அதன் மறைபொருளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1862-ம் ஆண்டில் கிளிமானூரிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவரொருவர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வரப்பட்டார். அவரே பின்னாளில் ராஜா ரவிவர்மா எனப் பிரசித்தி பெற்றவர். அரண்மனைச் சித்திரக்காரராகிய ராமசாமி நாயக்கர் எண்ணெய் வர்ணத்தில் கைதேர்ந்தவராயிருந்தும் அவ்வித்தையைக் கற்பிக்க மறுத்தனர் என்றும், அவர் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை என்பார் இரகசியமாய்ச் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தனர் என்றும் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியரும் தாம் எழுதுவதைப் பார்த்திருக்க மட்டுமே இடங்கொடுத்தனராம்.

இவ்வளவு காத்து மறைத்தது யாது? கைத்திறனை மறைக்கவும் இயலாது, திருடவும் இயலாது. மறைத்தவை சில சிறு விதிகளே.

கித்தானில் எண்ணெய் நேரே படுமாயின் நாளடைவில் நூல் இற்றுப்போம். ஆதலின் வச்சிரப்பசையை நீர்க்கக் காய்ச்சித் தடவி, உலர்ந்தபின் வெள்ளைப் பூச்சிட்டு, அதன்மேலேயே எழுதல் வேண்டும். வர்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயுடன் கண்ணாடிப் பலகைமேல் குழவியால் அரைப்பர். 1841-ல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்கர் தகரக் குழாய்க்கு உரிமை பெறும்வரை, அரைத்த வர்ணத்தை ஐரோப்பியர் பன்றியின் மூத்திரப்பையில் கட்டிவைத்தனர், தாய்மார்கள் பொறுத்தருள்க.

இவ்வெண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு இறுகுவது. சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. டர்ப்பென்டைன் கலந்து மெலிந்த வர்ணம் அடியிலும், எண்ணெய் மிகுந்தது மேலும் இருத்தல் வேண்டும். மாற்றி இடின், மேற்பூச்சு இறுகிய பின்னும் அடிப்பூச்சு அசைந்துகொண்டேயிருந்து படத்தை வெடிக்கச் செய்யும். அம்பர் என்னும் மண்நிறம் விரைவில் உலரும். எலும்புக்கரிக் கறுப்போ நெடுநாள் ஈரமாயிருக்கும். கறுப்பை அடியில் அப்பிவிட்டு அவசரப்படும் இளைஞர் இதனைக் கவனிப்பாராக. ஈயவெள்ளை விஷம், அக்கையோடு உண்ணலாகாது. எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு.

நம் குடும்பங்களுள் ஒன்றில், பெயர் பெற்ற பெரியவரொருவர் தாம் வார்னிஷ் காய்ச்சிய முறையைத் தம் மக்களுக்குங்கூடச் சொல்லாமல் காலஞ்சென்றார். அவர் எழுதிய படங்கள் இன்று மஞ்சள் பூத்து, வெடித்து நிற்கின்றன. அந்த வார்னிஷை எதனாற் கரைத்தால் அடியிலுள்ள வர்ணம் தப்பும் என்று அறியாமல் நாமும் அப்படங்களின்முன் கைகட்டி நிற்கிறோம். ஒரு கடுதாசித் துண்டில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் போதுமே!

ஆகவே வரும் ஞாயிறன்று இம்மண்டபத்திலேயே கித்தானுக்குப் பசையிடுவது முதல் யாவற்றையும் செய்து காட்ட எண்ணியுள்ளோம். பெண்மக்களும் வரலாம். முன்னோர் எழுதிய குறிப்பேடுகள் வைத்திருப்போர் கொணர்ந்தால், பிரதி செய்துகொண்டு அன்றே திருப்பித் தருவோம்.